மசாலா போடாத மூன்று கிலோ கறி

1. மஞ்சள்

ஃபிரிட்ஜைத் திறந்தேன். முந்தின நாள் உப்பு மட்டும் பிசறி வைத்திருந்த மூன்று கிலோ ஆட்டுக்கறி மஞ்சளாக இருந்தது. இஞ்சி பூண்டு வாசனை வேறு.

"யார்ரா கறியில கைய வெச்சது?"

"நான்தான் மாமா" என்றான் செல்வம். சேத்தியாத்தோப்புக்காரன், என் மனைவி வழியில் உறவு, ஹோட்டலின் கறி மாஸ்டர். "மசாலா போட மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். வெறும் உப்போட கெடந்துச்சு, பாக்கவே பாவமா இருந்துச்சு."

அவனை என்ன செய்வது?

அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு ஹோட்டலில் பேக்கரி மாஸ்டர். மாடியில் ஐந்து மாதமாகத் தங்கியிருந்தார் சோரான். மாசிடோனியா நாட்டுக்காரர். கடலூர் பக்கம் ஓர் ஆலையில் மெஷின் பொருத்த வந்த எஞ்சினியர். காலையில் இட்லி, ராத்திரி சப்பாத்தி. எதைக் கொடுத்தாலும் குறை சொல்லாத மனிதர். அவர் ஒருநாள் பேக்கரிக்குள் வந்து போனில் ஒரு படத்தைக் காட்டினார். நீளமாக, படகு போல ஒரு ரொட்டி. ஓரம் மடித்திருந்தது. மேலே சின்னச் சின்னக் கறித்துண்டு, அதன் மேல் முட்டை. பேர் பாஸ்தர்மைலியா.

வருஷத்தில் ஒருநாள் அவர் குடும்பத்துக்குரிய புனிதரின் நாளாம். நாம் குலதெய்வத்துக்குப் படைக்கிற மாதிரிதான். அன்று வீட்டு ஆண் பிள்ளை நாலு பேரைக் கூப்பிட்டு அந்த ரொட்டியைத் தன் கையால் பரிமாற வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். போன வருஷம் வரை அப்பா செய்தார். அவர் இறந்துவிட்டார். இந்த வருஷம்தான் இவர் முறை, ஆனால் இவர் இருப்பது நம்ம ஊரில். தன்னிடம் வேலை பார்க்கும், பக்கத்துக் கிள்ளை ஊர்க்காரர்கள் பத்துப் பேரை ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

"மசாலா வேணாம் மாஸ்டர். உப்பு. உப்பு மட்டும்" என்று கற்றுவைத்திருந்த தமிழில் மூன்று தரம் சொன்னார்.

"அதுக்கென்ன சார், ஜமாய்ச்சுடலாம்" என்றேன் நான், பெரிய மனுஷன் மாதிரி.

2. நாலு தண்ணி

வியாழக்கிழமை புதுக் கறி வாங்கி மறுபடி உப்புப் பிசறினேன். இந்தக் கறி உப்பில் ஒரு நாளாவது ஊறி, தண்ணீர் விட்டு, இறுகி வர வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே வைத்தால் கெட்டுவிடும், அதனால் மறுபடி ஃபிரிட்ஜ்தான். செல்வத்திடம் கண்டிப்பாகச் சொன்னேன். "தொடாத. தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்."

அவன் தொடவில்லை. வெள்ளிக்கிழமை திறந்தால் கறி வெளுத்து, ஊதிப்போய்க் கிடந்தது. வாயில் ஒரு துண்டு வைத்தேன், உப்பே இல்லை.

சமையற்கட்டில் காய் நறுக்கும் வசந்தா அக்கா தானாக முன்வந்தார். "கறியக் கழுவாமயா உப்பு போட்டீங்க? தண்ணி வுட்டுக்கிட்டு நின்னுது. நாலு தண்ணி ஊத்தி அலசி வெச்சிருக்கேன்." குரலில் உதவி செய்த திருப்தி வேறு.

தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு தவணைக் கறியும் ஊழியர்களுக்குக் குழம்பாகப் போனது. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாஸ்டர், படையல் அவருக்கா, நம்ம பசங்களுக்கா?"

மூன்றாவது தவணையைப் பேக்கரியின் சின்ன ஃபிரிட்ஜில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வசந்தா அக்கா மட்டும் கேட்டார்: "ஏன் தொடக்கூடாதுன்னு சொன்னா நாங்க ஏன் தொடப்போறோம்?"

"சொன்னா ஒங்களுக்குப் புரியுமா?" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

3. ஞாயிறு

மாவு நன்றாக எழும்பியிருந்தது. பன்னிரண்டு ரொட்டி தட்டி, ஓரம் மடித்து, கறி பரப்பி ஓவனில் விட்டேன். பாதி வெந்ததும் முட்டை அடித்து ஊற்றினேன். டிரேயை வெளியே இழுத்தபோது படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. ஓரம் சிவந்து, கறி சுருண்டு, கொழுப்பு மாவில் இறங்கியிருந்தது. செல்வமும் வசந்தா அக்காவும் கோபத்தை விட்டுவிட்டுப் பார்க்க வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மாமா, என்ன தடவுறீங்க?"

குனிந்து பார்த்தேன். என் கையில் பிரஷ் இருந்தது. ஓவன் பக்கத்தில் எப்போதும் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் இருக்கும். பன் வெளியே வந்ததும் சூட்டோடு தடவினால்தான் பளபளப்பு வரும். முப்பது வருஷமாக அந்த வேலை பார்த்த கை, என்னைக் கேட்காமலே பதினோரு ரொட்டிக்குத் தடவி முடித்திருந்தது. பன்னிரண்டாவதுக்குப் போன கையைச் செல்வம்தான் பிடித்து நிறுத்தினான்.

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மூன்று நாள் என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன், மெதுவாகப் பிரஷ்ஷை வாங்கிக் கீழே வைத்தான்.

சோரான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் கிள்ளை ஆட்கள் பத்துப் பேர். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு துண்டு பிய்த்து மென்றார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"இது பன்" என்றார்.

தப்பிய ஒன்றை அவர் முன் வைத்தேன். அதையும் பிய்த்து வாயில் போட்டார். மென்று முடிக்கவே இல்லை, அப்படியே நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா. இதுதான்" என்றார். அந்த ஒரு ரொட்டியைப் பதினான்கு துண்டு போட்டார். பத்துப் பேருக்கும் தன் கையால் கொடுத்தார், பிறகு செல்வத்துக்கு, வசந்தா அக்காவுக்கு, எனக்கு. கடைசித் துண்டு அவருக்கு. மற்ற பதினொன்றையும் கிள்ளைக்காரர்கள் இனிப்புச் சேர்ந்தால்தான் நன்றாக இருக்கிறது என்று ஒன்று விடாமல் காலி செய்தார்கள்.

செல்வம் தன் துண்டை யோசித்து யோசித்துத் தின்றான். "நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா கொஞ்சூண்டு மசாலா போட்டிருந்தா இன்னும் நல்லாருக்கும்."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தொடாதே என்று சொல்வதோடு ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செல்வமும் வசந்தா அக்காவும் கெடுதல் செய்யவில்லை. அவரவர் கை அவரவர் பழக்கத்தைச் செய்தது, என் கை செய்த மாதிரியே. அதற்குப் பிறகு நான் யாரையும் திட்டவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், என் கையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.