முதலில் இறங்கியவன்

தேநீர் குடிக்கும் ஒரு சில்வர் பேணிக்குள் ஐந்து சீட்டுகள் கிடந்தன. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி, கிழித்து, ஒரே அளவாகச் சுருட்டி நான் போட்டவை. பரிஸின் லா சப்பலில் நாங்கள் ஆறு பேர் தங்கியிருந்த அறையில், குளிர்சாதனப் பெட்டியின் மேல் பிள்ளையார் படமும் அதன் பக்கத்தில் ஒரு மாதா சொரூபமும் இருந்தன. பேணியை இரண்டுக்கும் நடுவில் வைத்தோம். 1985ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல்.

எங்களுடைய ஆட்கள் ஐந்து பேர் பிரான்ஸ் எல்லைக்கு அப்பால் ஒரு வீட்டில் காத்திருந்தார்கள். அதில் என் மகனும் ஒருவன், வயது பதினேழு. அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் முதல்நாள் தொலைபேசியில் சொல்லியிருந்தான்: ஐந்து பேரையும் ஒன்றாக விட முடியாது, ஒருவர் முதலில் காட்டுப்பாதையால் நடந்து வரட்டும், அவர் பரிஸ் வந்து சேர்ந்தால் மற்றவர்களும் அதே வழி, பிடிபட்டால் வேறு வழி பார்க்கலாம், யார் முதல் என்று நீங்களே முடிவெடுங்கள். முதலில் வருபவர் எதற்காக முதலில் வருகிறார் என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஒருவரும் தன் ஆளின் பெயரைச் சொல்லவில்லை.

அந்த அறையில் எதற்கும் சீட்டுத்தான். காலையில் யார் முதலில் குளிப்பது, யார் சன்னலோரம் படுப்பது எல்லாம் அப்படியே முடிவாகும். சாமிக்கு முன்னால் போட்ட சீட்டைப் பிறகு யாரும் விரித்துச் சரிபார்ப்பதில்லை, அது மரியாதையில்லை. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக வேலை பார்த்தவன் என்பதால் எழுதும் பொறுப்பு எப்போதும் என்னுடையது.

"ஓய் கிளாக்கர், ஐஞ்சு பேர் எழுத என்ன காணி உறுதியே முடிக்கிறீர்? கெதியா எழுதும்" என்றார் எங்களோடு அறையில் இருந்த கடைக்கார அண்ணை. அவருடைய மருமகனும் அந்த ஐவரில் ஒருவன்.

நான் நான்கு பெயர்களைத்தான் எழுதினேன். அதில் ஒன்றை இரண்டு முறை எழுதினேன். என் மகனின் பெயரை எழுதவில்லை.

இரண்டு முறை எழுதியது மாஸ்டரின் தம்பியின் பெயர். மாஸ்டர் என் அறைத்தோழர். ஊரில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தவர். பரிஸில் நானும் அவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினோம். குரல் உயர்த்தாதவர், எதையும் தனக்கென்று கேட்காதவர். அவருடைய ஆள் என்றால் பிரச்சினை வராது என்று என் கைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. தம்பிக்கு முப்பது வயது, திடமான ஆள், தப்பி வந்துவிடுவான் என்று மனத்துக்குச் சமாதானமும் சொன்னேன்.

தன் ஆள் யாரும் அதில் இல்லாத மன்னார் அக்கா ஒருவரைக் கீழ்வீட்டிலிருந்து கூட்டிவந்தார்கள். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். மாஸ்டரின் தம்பியின் பெயர். மீதி நான்கையும் நான் சட்டைப்பையில் போட்டு, மெத்ரோ ரயில் வாசலிலிருந்த குப்பைத்தொட்டியில் நுணுக்கி எறிந்தேன்.

மூன்றாம் நாள் தம்பி பிடிபட்டான். இரண்டு கிழமைக்குள் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். இறங்கிய இடத்திலேயே யாரோ கொண்டுபோனார்கள் என்பது வரைதான் செய்தி வந்தது. மற்ற நால்வரும் வேறு வழியால் வந்து சேர்ந்தார்கள். மகனைக் கூட்டிவர ரயில் நிலையத்துக்கு நான் போனபோது, மாஸ்டரும் வந்தார். கையில் ஒரு கறுப்புக் குளிரங்கி. தம்பிக்கென்று வாங்கி வைத்திருந்தது. மெல்லிய சட்டையோடு நடுங்கியபடி இறங்கிய என் மகனுக்கு அதைப் போட்டுவிட்டு, கைகள் நீளமாக இருந்ததால் நுனியை மடித்தும் விட்டார்.

சில மாதங்கள் கழிந்தன. ஒரு மதியம், கோப்பைகள் குவிந்து கிடந்த நேரம், மாஸ்டர் ஒரு கதை சொன்னார். சமையலறையில் எப்போதாவது பழைய கிரேக்கக் கதை சொல்வார். அதற்காகவே பையன்கள் அவரைச் சுற்றி நிற்பார்கள்.

"புரோட்டெசிலாஸ் எண்டு ஒரு வீரன். பெரிய ஆளில்லை, பாடத்தில ரெண்டு வரிதான் வரும். துரோய் கரையில முதல் கால் வைக்கிறவன் சாவான் எண்டு குறி சொல்லியிருந்தினம். அவ்வளவு கப்பலும் வந்து நிக்குது, ஒருத்தரும் இறங்கேல்லை."

"அவனுக்கு விசா இருந்ததோ மாஸ்டர்?" என்றான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவன். மாஸ்டரும் சிரித்தார்.

"அப்ப ஒரு தந்திரக்கார ராசா தன்ர கேடயத்தைக் கரையில எறிஞ்சிட்டு அதுக்கு மேல குதிச்சான். அவன் இறங்கிட்டான் எண்டு எல்லாரும் நினைச்சினம். அவன்ர கால் மண்ணில படேல்லை. அதை நம்பி அடுத்ததாக் குதிச்சவன்தான் இவன். மண்ணில முதல் பட்டது இவன்ர கால். அண்டைக்கே செத்துப்போனான்."

கதையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் போதுமாக இருந்தது.

வேலை முடிந்து மெத்ரோப் படிகளில் ஏறும்போது கேட்டேன். "மாஸ்டர், அந்தச் சீட்டு..."

"தெரியும் அண்ணை. நீங்கள் எழுதேக்கை நான் பின்னால நிண்டனான்."

"ஏன் பேசாமல் நிண்டனீங்கள்?"

"சொல்லியிருந்தா உங்களை அந்த அறையில ஒருத்தரும் மனிசனா மதிச்சிருக்க மாட்டினம். உங்கட பெடிக்குப் பதினேழு வயசு எண்டும் யோசிச்சன். நானும் வாய் திறக்கேல்லை, பாதி என்ர பிழை." இரண்டு படி ஏறி நின்றார். "கேட்டிருக்கலாம் அண்ணை. ஒரு சின்னப் பெடிக்காக முதல் போறியோ எண்டு கேட்டிருந்தா அவன் ஓமெண்டிருப்பான். அப்பிடிப்பட்டவன். இப்ப எங்கை கிடந்தாலும், தனக்குச் சீட்டில விழுந்தது எண்டுதான் நினைச்சுக்கொண்டிருப்பான்."

மீதிப் படிகளை எனக்கு முன்னால் ஏறிப் போனார். அந்த வருடமே பரிஸுக்கு வெளியே வில்லியே லே பெல்லுக்கு வீடு மாறிப் போனார். வீதியில் கண்டால் நின்று மகனை விசாரிப்பார். நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இப்போது நாங்கள் அதற்குப் பக்கத்து ஊரான சார்செலில் இருக்கிறோம். மகனுக்கு இருபது ஆகிவிட்டது. அவன் வரும் ரயில் பத்து நிமிடம் பிந்தினாலும் நான் கீழே இறங்கிப் போய் நிற்கிறேன். ஏன் என்று அவனுக்கு விளங்குவதில்லை, சலித்துக்கொள்கிறான். போன கிழமை பேச்சு எப்படியோ அந்த நாட்களுக்குப் போனது. "பாவம் அப்பா, மாஸ்டரின்ர தம்பி. ராசியில்லாத மனிசன்" என்றான்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிறகு நான்கு நாட்களாக இதை எழுதினேன். பத்திரிகைக்கு அனுப்புமுன் மகனிடம் கொடுக்கப் போகிறேன். அவன் வாசித்து முடிக்கும்வரை எதிரில் இருப்பேன்.