ஆற்றங்கரை மில்லும் இரண்டு பொட்டலங்களும்

என் நைனா எந்த இடத்தைப் பார்த்தாலும் அதில் ஒரே நேரத்தில் எத்தனை பேரை உட்காரவைத்துச் சோறு போடலாம் என்றுதான் முதலில் யோசிப்பார். பள்ளிக்கூட மைதானமானாலும் சரி, ஆஸ்பத்திரி வராந்தாவானாலும் சரி. செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்துக்குள் வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்க, அவர் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "காத்து வர வழியில்ல, பந்தி போட்டா வெந்துபூடுவாங்க" என்று சொல்லி வெளியே வந்துவிட்டார்.

தொழில் அப்படி. கடைத்தெருவில் கல்யாணங்களுக்குப் பாத்திரமும் ஜமக்காளமும் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் அதில் நாங்கள் உண்டு; ஆனால் பின்வாசல் பக்கம். மேடையில் தாலி ஏறும்போது நைனா சமையற்கட்டில் கரண்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று குறைந்தாலும் எச்சில் இலை கொட்டிய தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவார். ஒரு தடவை என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து பொத்திக்கொண்டேன். தொட்டியிலிருந்து நிமிர்ந்தவர் என்னைப் பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம் வேண்டும் என்பது அவருடைய ஆசை. கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று ஊரே பயமுறுத்துகிற இரண்டு காரியங்களையும் ஒரே கூரைக்கடியில் செய்யப் புறப்பட்டவர் இவர் ஒருவர்தான் என்று அம்மா கேலி செய்வாள். கேலி செய்தாலும் அவர் அதைப் பற்றிப் பேசும்போது கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் சங்கராபரணிக் கரையில் இருந்த பழைய ரைஸ் மில் விலைக்கு வந்தது. அது ஓடி நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. முதலாளியின் பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில் இருந்ததால் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா எங்களை அங்கே அழைத்துப்போனார். தொண்டூரிலிருந்து மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் அண்ணன். நல்லவர்தான், ஆனால் எதிலும் ஓட்டையை முதலில் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு.

அங்கே ஓட்டைக்குக் குறைவில்லை. கூரையில் பாதி ஓடு இல்லை. நெல் வேகவைத்த தொட்டிகளில் வேலிக்காத்தான் முளைத்திருந்தது. சுவரில் அரசங்கன்று வேர் விட்டு ஒரு விரற்கடை வெடிப்பு ஓடியது. ஆனால் பின்னால் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் ஒன்று ஆற்றைப் பார்த்து விரிந்து கிடந்தது. அங்கே நின்றால் ராஜகிரி மலை உச்சி வரைக்கும் தெரியும்.

"பொண்ணு மாப்ளய இங்க நிக்க வெச்சி போட்டோ எடுத்தா பின்னாடி மலை வரும்" என்றார் நைனா.

"மலை வரும் மாப்ள. ஆறும் வருமே" என்றார் மாமா.

காவலுக்கு இருந்த கிழவர் எங்களை உள்ளே கூட்டிப்போய்ச் சுவரில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். அவர் வாலிபனாக இருந்தபோது ஒரே ஒரு மழைக்கு ஆறு உள்ளே வந்து அந்த அளவுக்கு நின்றதாம். கோடு என் முழங்காலுக்கு இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று மாமா தொடங்கினார். நைனா என்னைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து, "ஆழம்தான் தெரிஞ்சிபூடுச்சே மச்சான், இவ முட்டி ஒசரம். தரைய ரெண்டு முழம் ஏத்திட்டா முடிஞ்சிது" என்றார்.

பிறகு அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். கடையிலிருந்து கொண்டுவந்த பந்திப் பாய்களைக் களத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை விரித்தார். எங்களை ஒருவரை விட்டு ஒருவர் தள்ளி உட்காரவைத்து, காவல்காரக் கிழவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லோருக்கும் இலை போட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை வாளியில் கொட்டி, அதைத் தூக்கிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே போனார், வந்தார். எதிரே இன்னொருவர் வாளியோடு வருவதாகப் பாவித்து ஒதுங்கிப் பார்த்தார். "ரெண்டு பேரு ஒரசாம போவணும். சாம்பார் யாரு தலைலயும் ஊத்தக் கூடாது. அதான் மண்டபம்" என்றார். பாய்களை இன்னும் ஓரடி தள்ளிப் போட்டு மறுபடி பரிமாறினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. புளிச்சோற்றைத் தின்றபடி நான், இனிமேல் நாங்கள் முன்வாசல் வழியாகத்தான் போவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மில்லுக்கும் நைனாவுக்கும் இடையில் இருந்தது ஒன்றேகால் ஏக்கர் நிலம். தொண்டூரில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் மஞ்சள்காணியாகக் கொடுத்த, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விளையும் கொல்லை. அதை விற்றால்தான் மில் கைக்கு வரும். மாமாதான் அதைப் பயிர் செய்து, வருடத்துக்கு இரண்டு மூட்டை மல்லாட்டையைத் தலையில் தூக்கிவந்து எங்கள் வீட்டில் இறக்குவார். அதனால் அவர் ஆற்றைப் பற்றிப் பேசியதெல்லாம் முழுக்க ஆற்றைப் பற்றியது என்று சொல்ல முடியாது.

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திண்டிவனத்துக்காரர் ஒருவர் மில்லைப் பார்த்துவிட்டுப் போனதாகத் தகவல் வந்த அன்றைக்கு நைனா அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு எத்தினி நாளுக்கு நிக்கிறது? நெலம் உன்னுது. வேணாம்னா வேணாம்னு சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அம்மா அரிசியில் கல் பொறுக்கி முடித்தாள். "வெள்ளிக்கிழம அம்மனுக்குப் பூ போட்டுக் கேப்போம்" என்றாள்.

வியாழக்கிழமை என்னை மட்டும் அழைத்துக்கொண்டு தொண்டூருக்குப் பஸ் ஏறினாள். மாமா வீட்டுக்குப் போகாமல் நேரே கொல்லைக்குப் போனோம். மல்லாட்டை பூத்திருந்த சமயம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பு முழுவதையும் ஒரு சுற்று நடந்தாள். மூலையில் இருந்த ஒற்றைப் பனைமரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு பம்புசெட்டு நிழலில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல், நிறுத்தாமல் அழுதாள். அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுந்திருக்கும்போது ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நைனாகிட்ட சொல்லாத, இன்னா?" என்றாள் பஸ்ஸில்.

நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பத்து வயதில் எல்லாம் அப்படித்தான், சட்டென்று புரிந்துவிடும். அம்மாவுக்கு நிலத்தை விற்க இஷ்டமில்லை. வாய்விட்டுச் சொன்னால் நைனா நொந்துபோவார் என்று உள்ளுக்குள் வைத்து அழுகிறாள்.

எங்கள் குலதெய்வமான அம்மன் மலையடிவாரத்தில் இருக்கிறாள். எதையாவது முடிவு செய்ய வேண்டுமானால் ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ கட்டி அவள் காலடியில் போட்டுவிட்டு, சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் அத்தோடு பேச்சை விட்டுவிட வேண்டும். இரண்டும் அரளியாக இருக்கும். அரளிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது, எது எதுவென்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு அம்மா கொண்டுவந்த கூடையில் சிவப்பு அரளியும் மல்லியும் இருந்தன. பூசாரி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளரளி ஆப்டல சாமி" என்றாள் அம்மா.

"வெள்ளையா இருந்தா சரி" என்று அவர் அந்தப் பக்கம் திரும்பி வாழையிலையில் மடித்துக் கட்டினார்.

எனக்கு மல்லி என்றால் உயிர். வீட்டில் என் பெயரே பூப்பைத்தியம். யார் தலையில் எத்தனை முழம் என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவேன். குனிந்து விழுந்து கும்பிட்டபோது கற்பூரப் புகையையும் மீறி இடது பக்கப் பொட்டலத்திலிருந்து மல்லி என் மூக்குக்கு வந்துவிட்டது. கை இடது பக்கம் போகத் துடித்தது. களத்தில் நைனா வாளியோடு நடந்தது கண்ணுக்குள் வந்தது. பம்புசெட்டு நிழலும் வந்தது. நான் வலது பக்கப் பொட்டலத்தை எடுத்துப் பூசாரி கையில் கொடுத்தேன்.

பிரித்தார். சிவப்பு.

நைனா கொஞ்ச நேரம் அந்தப் பூவையே பார்த்தார். பிறகு குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, "சரி. ஆத்தா சொல்லிட்டா" என்றார். திரும்பும்போது வண்டியை ஆற்றுப் பக்கம் விடாமல் ஊரைச் சுற்றி விட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள். நைனாவுக்கு எதிரில் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

சாமியை ஏமாற்றியவர்களின் கண்ணைச் சாமி குத்தும் என்பார்கள். ஒரு மாதம் வரைக்கும் தினமும் காலையில் எழுந்ததும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துக்கொண்டேன். இரண்டும் தெரிந்தன. அம்மனுக்கும் நான் செய்தது சம்மதம்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த தடவை தொண்டூர் போனபோது அம்மா முந்தானையில் முடிந்து எடுத்துவந்திருந்த மண்ணைக் கொண்டுபோய் அதே இடத்தில் உதறிவிட்டு வந்தாள். நிலம் பிழைத்துக்கொண்டது, நான்தான் பிழைக்கவைத்தேன் என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

மில்லைத் திண்டிவனத்துக்காரர் வாங்கினார். தரையை உயர்த்தி, வெடிப்பை அடைத்து, மேலே கூரை போட்டு மண்டபமாக்கினார். அதற்குப் பிறகு ஆறு ஒரே ஒரு தடவைதான் பெருகியது. அப்போதும் கடைசிப் படி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நைனா அந்த மண்டபத்துக்கும் பாத்திரம் அனுப்பினார், பின்வாசல் வழியாக. மில்லைப் பற்றி அவர் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

என் கல்யாணமும் அங்கேதான் நடந்தது. மற்ற மண்டபங்களில் அந்தத் தேதிக்கு இடமில்லை. விடியற்காலையில் மணப்பெண் அறையில் அம்மா எனக்குத் தலை பின்னிப் பூச்சூட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க மல்லி வாசம்.

"அன்னிக்கி நீ மல்லிய எடுத்திருந்தின்னா இது நம்ம மண்டபம்" என்றாள் சிரித்துக்கொண்டே.

கல்யாண நாளில் பொய்யோடு உட்காரக் கூடாது என்று தோன்றியது. "எனக்கு வாசன தெரிஞ்சுதும்மா. தெரிஞ்சுதான் மத்தத எடுத்தேன். நீ கொல்லையில அழுதியே" என்றேன்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. பூப் போட்டுப் பார்த்த அந்த வருடம் எங்கள் தெருமுனையில் வெள்ளரளி பூத்துக் குலுங்கியது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"தெரியணும்னுதான்டி மல்லிய வெச்சேன்" என்றாள். "எங்க அண்ணன் மூஞ்சப் பாத்து நெலத்த விக்கிறன்னு என் வாயால சொல்ல முடியல. அம்மன் சொல்லிட்டா அவரும் ஒண்ணும் பேச மாட்டாரு. நீ பூப்பைத்தியமாச்சே, வாசனைக்குத்தான கைய நீட்டுவன்னு இருந்தேன்." பின்னலின் நுனியை முடிந்துவிட்டு, "அன்னிக்கி கொல்லைக்குச் சொல்லிக்கினு வரத்தான்டி போனேன்" என்றாள்.

அதற்குமேல் எங்களுக்குப் பேச நேரமில்லை. மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

தாலி கட்டியதும் மாலையோடு களத்துப் பக்கம் கூட்டிப்போய் மலை தெரிகிற மாதிரி நிறுத்திப் படம் எடுத்தார்கள். நைனா எனக்குப் பக்கத்தில் புதுப் பட்டு வேட்டியில் நின்றார். ஆனால் அவர் கண் கேமராவில் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. வரிசைகளுக்கு நடுவே சாம்பார் வாளியோடு வந்த இரண்டு பேர் உரசிக்கொண்டு, ஒருவர் பின்வாங்கி வழிவிட்டார்.

"நடுவுல இன்னும் ஓரடி உட்டிருக்கணும்" என்றார் நைனா, யாரிடமும் இல்லாமல்.

நான் அழத் தொடங்கினேன். கண்மை கலைய அழுதேன். படம் எடுப்பவர் காத்திருந்தார். பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண் அழத்தான் செய்வாள் என்று பெரியவர்கள் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். நைனாவும் அப்படித்தான் நினைத்து என் தலையைத் தடவினார். அழுகிறவர் எதற்கு அழுகிறார் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. கொடுக்க முடிவு செய்துவிட்டவர்களும் அழுவார்கள் என்பது பத்து வயதில் எனக்கும் தெரியவில்லை.