தண்ணீர்க் கூண்டுக்கும் ஒரு கை வல்லாரை

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு எலிக்கூண்டு கழுவுகிற வேலை. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவன், எலிப் புழுக்கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கல்லூரிக்குள் நுழைந்துவிட்டேன்.

ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருநாள் விளக்கினார். எல்லாப் பெட்டை எலிகளுக்கும் சினைப்பையை எடுத்தாயிற்று. ஒரு கூண்டுக்கு வல்லாரைச் சாறு, ஒன்றுக்கு ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ஊசி, மூன்றாவதற்கு வெறும் தண்ணீர்.

"கடைசில மூளைய எடுத்து என்சைம் பாப்போம்ண்ணே. சினைப்பைய எடுத்தா அது ஜாஸ்தியாயி ஞாபகம் கொறையும். சாறு அத அடக்குதான்னு தெரிஞ்சிடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பொண்டாட்டிக்கும் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்து இரண்டு வருடம். அதிலிருந்து குழம்புக்கு இரண்டு தடவை உப்பு, அடுப்பை அணைக்க மறதி. 'என்னைக் கட்டிக்கிட்டதை மறந்தால் அவளுக்கு லாபம்தான்' என்று வெளியே சிரித்துக்கொண்டு, உள்ளே செத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே ஒதியம்பட்டு வாய்க்காலோரம் வல்லாரை பறித்து அரைத்துக் கொடுத்தேன்.

"தூ, கசக்குது. இன்னாத்துக்குய்யா இது?"

"எலிங்களே குடிக்குதுடி. ஒனக்கு இன்னா?"

"அப்ப எலியவே கட்டிக்கினு குடும்பம் நடத்து."

மிச்ச இலையை வேலைக்குக் கொண்டுபோனேன். தண்ணீர்க் கூண்டு எலிகள் என்னையே பார்த்தன. எங்கள் ஊர்ப் பந்தியில் ஓர் இலைக்குப் பாயசம் ஊற்றிவிட்டு அடுத்த இலையைத் தாண்டினால் வெட்டுக்குத்துதான். பாவம் என்று தினமும் அதுகளுக்கும் ஒரு கை போட்டேன். கூண்டைக் கழுவுவது நான்தானே, யாருக்கும் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண் அழுதுகொண்டு வந்தார்.

"அத்தன வேலையும் போச்சுண்ணே. சாறு குடிச்சதும் தண்ணி குடிச்சதும் ஒரே மாதிரி இருக்கு. எலையால ஒண்ணுமில்லன்னுதான் எழுதணும்."

"தண்ணிக் கூண்டும் எல தின்னிருந்தா, மேடம்?"

"அப்ப எத எதோட பாக்கிறது? எல்லாம் குப்பைதான். ஏன்ண்ணே?"

"சும்மா கேட்டேன்."

வாளியைத் தூக்கிக்கொண்டு காலிக் கூண்டுகளைக் கழுவப் போனேன்.

வீட்டுக்கு வந்து சாறு கொடுத்தேன். குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். திரும்பி வந்து, "யோவ், இன்னிக்கி எல அரைக்கலியா?" என்றாள்.

அந்த இலை வேலை செய்கிறதா என்று சொல்லியிருக்க வேண்டிய எலிகள் அத்தனையும் செத்துப் போயிருந்தன.

"இதோ அரைக்கிறேன்டி" என்று மறுபடியும் மிக்சியைப் போட்டேன்.