நாற்பத்தாறு துடிப்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்கு மருத்துவ முகாமுக்காகப் போயிருந்தேன். நான் நர்ஸ். வரிசையில் நின்ற ஒரு பெண் மட்டும் ஓயாமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். தையல் பிரிவில் வேலை. மெலிந்த உடம்பு; ஆடுசதை மட்டும் கல்லாக இறுகியிருந்தது.

நாடியைப் பிடித்தேன். நிமிடத்துக்கு நாற்பத்தாறு. மறுபடி எண்ணினாலும் அதேதான். அட்டையில் ‘துடிப்பு மிகக் குறைவு’ என்று எழுதிவிட்டு, “மயக்கம் வருதாம்மா?” என்றேன்.

“இல்லக்கா. எங்க ஊரு ஆலங்காயம். வாரத்துல மூணு நாள் மலை ரோட்டுல மூச்சு முட்ட ஏறி ஓடுவேன். பந்தயத்துக்குப் போறேன். ஓடி ஓடி இதயம் ஒரே அடியில ஜாஸ்தி ரத்தம் தள்ளுது. அதான் அடி கம்மி.”

பாடத்தில் படித்ததுதான், கையில் பிடித்துப் பார்த்தது அன்றுதான். ஈசிஜி பார்த்த டாக்டரும், “நல்ல இதயம்” என்றார். எழுதியதை அடித்துவிட்டு, ‘ஓட்டப் பயிற்சியால் வலுப்பெற்ற இதயம்’ என்று எழுதினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“பெரிய எழுத்துல எழுதுங்கக்கா. ஓடி உடம்பக் கெடுத்துக்கிறேன்னு சொல்ற சூப்பர்வைசர் படிக்கணும்.”

பெரிதாகவே எழுதினேன். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. எப்போதாவது என் நாடியை எண்ணிப் பார்க்கிறேன். எண்பதுக்குக் கீழே இறங்கியதே இல்லை.