ஒன்பது வீட்டின் வெளியுறவுக் கொள்கை

“…நடுநிலை, நடுநிலைன்னு வாயில சொன்னா ஆச்சுங்களா? மூணு நாளா நம்ம கெழங்குந்தான் நடுநிலையாக் கெடக்குது. இன்னிக்கு ஏத்தலீன்னா கறுத்துப் போயிரும்,” என்றாள் என் வீட்டுக்காரி.

என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் காலையில் எங்கள் டீக்கடை பெஞ்சில் பக்கத்து ரெண்டு ஊருக்கும் தலைவர்களான ஊர்க்கவுண்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பெஞ்சு, ஆளுக்கொரு முனை, ஆளுக்கொரு திசையில் முகம். சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துத்தான்.

அவளை அப்படிப் பேச வைத்தது நான். என்னைப் பேச வைத்தது ஒரு புத்தகம்.

கீழே சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தில் நான்கு வருஷம் இருந்த வாத்தியார் ஒருவர், திரும்பிப் போகும்போது பெட்டியில் அடங்காத புத்தகங்களை என் கடையில் விட்டுவிட்டுப் போனார். அதில் ஒன்று தபால்வழிப் படிப்புக்கான பாடப்புத்தகம். சின்ன நாடுகள் பெரிய நாடுகளோடு எப்படிக் காலம் தள்ளுகின்றன என்று ஒரு பாடம். பத்தாவது பெயிலான எனக்கு அதில் பாதிதான் விளங்கியது. ஆனால் விளங்கிய பாதி எங்கள் ஊரைப் பார்த்தே எழுதினது மாதிரி இருந்தது.

எங்கள் ஊர் ஒன்பது வீடு. மேலே ஏறினால் ஒரு பெரிய ஊர், கீழே இறங்கினால் இன்னொன்று. மேலூரில் லாரி இருக்கிறது. கீழூரில் சுமை தூக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் ஒரு டீக்கடையும். என் அக்காளைக் கொடுத்தது மேலூரில். என் வீட்டுக்காரி பிறந்தது கீழூரில். இதற்கு மேல் ஒரு சின்ன நாட்டுக்கு என்ன இக்கட்டு வேண்டும்?

புத்தகம் சொன்ன வழிகளைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கினேன். பெரியவன் ஒருவன் பக்கம் ஒரேயடியாய்ச் சாய்ந்துவிடலாம். மற்ற சின்னவர்களோடு கூட்டுச் சேர்ந்து அவனை எதிர்க்கலாம். யாரோடும் சேராமல் ஒதுங்கலாம். இல்லையென்றால் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் கை நீட்டி வைத்துக்கொள்ளலாம். மிளகு பறிக்க மரம் ஏறுகிற ஒரு கிழவர் தினமும் கேட்பார், “ஏனுங்க வெளியுறவு, இன்னிக்கு டீக்குச் சர்க்கரை எந்தப் பக்கம் சாயுது?” அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பிடித்தும் இருந்தது.

அப்புறம் ரெண்டு ஊருக்கும் சண்டை வந்தது. மேலூர்க் கோயில் கூம்பு ஸ்பீக்கரைக் கீழூர் பார்த்துக் கட்டிவிட்டார்கள். திருப்பிக் கட்டச் சொன்னதற்கு, “பாட்டு எங்களுது, காது உங்களுது. உங்களுத நீங்க பொத்திக்குங்க” என்று பதில் போனது. இந்தப் பேச்சை நான் இதுவரை நாற்பது பேரிடமாவது சொல்லியிருப்பேன், அவ்வளவு நன்றாக இருக்கிறது. கீழூர்க்காரர்கள் ரசிக்கவில்லை. மேலூர் தங்கள் கோயில் திருவிழாவை, அதாவது நோன்பியை, வைத்த அதே புதன்கிழமையில் தங்கள் நோன்பியையும் வைத்தார்கள்.

ரெண்டு ஊரும் அழைப்புக்கு வந்தது ஒரே நாளில். காலையில் மேலூர் வெற்றிலை பாக்கு. மத்தியானம் கீழூர் வெற்றிலை பாக்கு. வீட்டுக்காரி காட்டில் கிழங்கு பிடுங்க வைத்துக்கொண்டிருந்தாள். கடையில் நான் மட்டும். புத்தகம் நினைவுக்கு வந்தது: ரெண்டு பக்கமும் கை நீட்டு. நீட்டினேன். ரெண்டையும் வாங்கி ஒரே தட்டில் வைத்தேன்.

வெளியூர்க்காரருக்கு இது பெரிதாய்த் தெரியாது. எங்கள் மலையில் வெற்றிலையைக் கையில் வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. வரமுடியாதவன் “வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்” என்று தரையைக் காட்டுவான். பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம் இது. ஒரு பாடம் படித்ததில் மறந்துபோனேன்.

காட்டிலிருந்து வந்தவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஏனுங்க, புதன்கிழமை உங்கள ரெண்டா வெட்டி அனுப்போணுமா?” என்றாள்.

மறுநாள் கிழங்கு ஏற்ற மேலூர் லாரி வரவில்லை. “ரெண்டு ஊட்டு வெத்தல மெல்றவனுக்கு வண்டி இல்லீன்னு சொல்லிப்புட்டாங்க” என்று டிரைவர் போனில் இழுத்தான். கீழூர்ச் சுமைக்காரர்களும் வரவில்லை. கிழங்கு மட்டும் பிடுங்கியாயிற்று. மூட்டை கட்டி, கடைக்கு எதிரில் பாதையோரம் கிடந்தது. மண்ணுக்குள் இருக்கிறவரை குச்சிக்கிழங்கு காத்திருக்கும். பிடுங்கிவிட்டால் மூன்றே நாள். நான்காம் நாள் உள்ளே கருவரி ஓடிவிடும், ஜவ்வரிசி மில்லில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒன்றரை ஏக்கர், அவள் பேரில் இருக்கிற நிலம், பத்து மாதம் அவள் களையெடுத்த கிழங்கு.

மூன்றாம் நாள் காலையில்தான் ரெண்டு கவுண்டர்களும் நேரில் வந்தார்கள். மேலூர்க் கவுண்டர் அந்த லாரியிலேயே வந்து இறங்கினார். கீழூர்க் கவுண்டர் எட்டுச் சுமைக்காரர்களோடு நடந்து வந்தார். ஆக லாரி, ஆள், கிழங்கு மூன்றும் கூப்பிடு தூரத்தில்; எதுவும் எதையும் தொடவில்லை.

“என்ன மாப்ள, எந்தப் பக்கம்னு சொல்லீரு. சொன்னா வண்டி நிக்கும்,” என்றார் மேலூர்.

“எங்க ஊட்டுப் புள்ளயக் கட்டுனவரு. சொல்லவே வேண்டியதில்ல,” என்று ரோட்டைப் பார்த்துச் சொன்னார் கீழூர்.

“பையங்க சும்மாதான உக்காந்திருக்காங்க? தூக்கச் சொல்றது!” என்றார் மேலூர்.

“அந்த லாரியில எங்க ஆளு கை வெக்காது.”

நான் தொண்டையைச் செருமினேன். ரெண்டு பக்கமும் கை நீட்டியது வேலைக்கு ஆகவில்லை, அடுத்த வழிக்குப் போனேன். சின்ன ஊர் என்றால் அதற்கும் ஒரு மானம் உண்டு, புதன்கிழமை நாங்கள் யார் நோன்பிக்கும் வராமல் வீட்டோடு இருப்போம், இதற்கு நடுநிலை என்று பெயர், பல தேசங்கள் இப்படித்தான் பிழைக்கின்றன என்று விளக்கிக்கொண்டே போனேன். “அப்ப வெத்தலய வாந்தி எடுக்கப் போறியா?” என்றார் மேலூர். கீழூர்க் கவுண்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரி சொன்னதற்குச் சிரிக்கக்கூடாதென்று டீயை வாயில் ஊற்றிக்கொண்டார், புரையேறியது. நான் மூன்றாம் வழிக்கு வாயெடுத்தபோதுதான் வீட்டுக்காரி அந்த நடுநிலைப் பேச்சைப் பேசினாள்.

பேசிவிட்டு எங்கள் பதிலுக்கு நிற்கவில்லை. பாதையோரம் போய் அரை மூட்டை ஒன்றைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பெஞ்சுக்கு முன்னால் போட்டாள். துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தாள்.

“பெரீப்பா, ஒரு கை. அண்ணா, நீங்க ஒரு கை,” என்றாள், முதலில் கீழூரையும் அப்புறம் மேலூரையும் பார்த்து.

சுமைக்குக் கை கேட்டால் எங்கள் மலையில் யாரும் மறுப்பதில்லை. பகையாளி கேட்டாலும் தூக்கிவிட்டுத்தான் அப்புறம் முறைப்பார்கள். ரெண்டு கவுண்டர்களின் உடம்பும் அவர்களைக் கேட்காமலே எழுந்தது. ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். “ஒசத்துங்க… இன்னுங் கொஞ்சம்” என்று ஒருவருக்கொருவர் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். மூட்டை அவள் தலையில் உட்கார்ந்தது. தம் கவுண்டர் சுமை தூக்குவதைப் பார்த்து எட்டுச் சுமைக்காரர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். டிரைவர் லாரியின் பின்கதவைத் திறந்தான்.

அவள் நேரே நடந்து போய் மூட்டையை லாரியில் சாய்த்தாள். தலையில் இருந்த சும்மாட்டை எடுக்காமலே திரும்பி, பாதையோரம் அடுத்த மூட்டையின் காதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள்.