முள்வேலியில் வந்த பாட்டு

என் அண்ணன் ஓய்வு பெற்றபோது மலாக்கா நகரத்து மண்டபம் ஒன்றில் விருந்து வைத்தார்கள். இங்கே கணினிச் சிப் செய்யும் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலேயே உள்ளே போனவன், எத்தனையோ பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். முன்னோடி என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முதன்முதலில் செய்த கருவியைப் பார்த்தவள் நான். அதை அவன் அரசாங்கத்து முள்வேலியில் கட்டி வைத்திருந்தான்.

வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில், ரெம்பியா ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். தொழிலாளர் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி, இருட்டினால் ஊரடங்கு. டார்ச் பேட்டரியைக்கூடக் கேட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அதனால் எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணியார் வீட்டு ரேடியோ ஊமையாகிக் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருந்த அக்கா சொல்லி அனுப்பினாள். கிறிஸ்துமஸுக்கு வர லீவு இல்லையாம். முந்தின நாள் சாயங்காலம் தேவாலயப் பாடகர் குழுவோடு ரேடியோவில் பாடப்போகிறாளாம். அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகளைத்தான் பார்க்க முடியாது, குரலையாவது கேட்க வேண்டாமா?

அண்ணன் பாச்சாங் ஊரில் ஒரு பழைய சாமான் கடையில் பளபளக்கும் கல் ஒன்றும், பட்டாளத்தார் கழித்துப்போட்ட காதுக்கருவி ஒன்றும் வாங்கிவந்தான். கல்லின் மேல் ஊசிக்கம்பி சரியான இடத்தில் பட்டால் ரேடியோ பேசும், பேட்டரியே வேண்டாம் என்றான். அந்தக் கல்லின் குணம்தான் சிப்புக்குள்ளும் வேலை செய்கிறது என்பது அவன் பிற்காலத்தில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அது வெறும் கல்லாகத்தான் இருந்தது. கூரையில் கம்பி கட்டிப் பார்த்தான். கொசு பாடுவது போலத்தான் கேட்டது. கம்பியின் நீளம் போதாதாம். நீளமான கம்பிக்கு எங்கே போவது? கொல்லையிலேயே இருந்தது, லயத்தையே சுற்றிக்கொண்டு. வேலியைத் தொட்டாலே பிடித்துக்கொண்டு போவார்கள் என்று நான் அழுதேன். அவன் கட்டியே விட்டான். ரேடியோச் செய்தி மணிமணியாகக் கேட்டது.

அக்கா பாட வேண்டிய சாயங்காலம், காவலுக்கு வந்த மலாய்க்காரப் பெரியவர் கம்பியைக் கண்டுபிடித்துவிட்டார். துப்பாக்கியோடு கொல்லையில் நின்று, யாருக்குச் செய்தி அனுப்புகிறாய் என்று அண்ணனைக் கேட்டார். அம்மாதான் காதுக்கருவியை அவரிடம் நீட்டி, மகள் பாடப்போகிறாள், நீங்களும் கேளுங்கள் பாக்சிக் என்று, மாமா முறை வைத்து, தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னாள். அவர் காதில் வைத்துக் கேட்டார். திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டு முடிந்ததும் கம்பியை அவிழ்த்துவிட வேண்டும் என்றார். முடியும்வரை அந்தக் கம்பியை மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். அந்த மனிதரை இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

குழுவில் எத்தனையோ குரல்கள். அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

"இதுதான் எம்மவ. எல்லாருக்கும் முன்னாலயே ஆரம்பிச்சிட்டா பாரு. வீட்லயும் இப்படித்தான்."

சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் ஒரு வாய் கொடு என்பது போல அண்ணன் கையை நீட்டினான். அவள் காதுக்கருவியை விடவே இல்லை.

விருந்தில் பேசக் கூப்பிட்டபோது அண்ணன் இந்தக் கதையைத்தான் சொன்னான்.

"கம்பி கட்டினது நான். ஆனா அந்தப் பாட்ட இன்னிக்கு வரைக்கும் நான் கேக்கவே இல்ல."

முன்வரிசையில் இருந்த அக்கா எழுந்தாள். தலை முழுக்க நரை. மேடையில் இருந்த கீபோர்டுக்காரர் சுருதி பிடிப்பதற்குள் பாட ஆரம்பித்துவிட்டாள்.