நான் துறந்த சீட்

போன செவ்வாய்க்கிழமை ஒரு நல்ல காரியம் செய்யப்போய், பன்னிரண்டு வருட நட்பை இழக்கப் பார்த்தேன். எல்லாம் யோகாவால் வந்த வினை!

செம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் காலையில் யோகா வகுப்பு நடக்கிறது. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்த பிரியா என்ற பெண் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டு மாதமாகப் போகிறேன். குனிந்தால் இப்போது கால் விரல் கண்ணுக்குத் தெரிகிறது... தொடத்தான் முடியவில்லை.

அன்று குனிந்தபடியே முனகினேன். பிரியா சிரித்தார்.

"சார், யோகாவுல மொத்தம் எட்டுப் படி. ஆசனம் மூணாவது. முதல் ரெண்டுல கால் வைக்காமலே தாவுறீங்களே!"

முதல் படி யமம். அதில் அகிம்சை, சத்தியம் என்று ஐந்து சமாச்சாரம். கடைசி, அபரிக்கிரகம். தேவைக்கு மேல் எதையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாதாம்.

"உடம்பை வளைக்கறது அப்புறம். ஒரு வாரம் இதை வாழ்ந்து பாருங்க சார்."

அட, குனியாமலே யோகா! யாருக்குக் கசக்கும்? அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன்.

ஆபீஸுக்குப் போவது தாம்பரத்திலேயே புறப்படும் பீச் லோக்கல் ரயிலில் என்பதால் எனக்கு ஜன்னலோர சீட் நிச்சயம். பக்கத்து சீட்டில் என் பை உட்காரும் — பல்லாவரத்தில் ஏறும் டேவிட் சாருக்காக. எழும்பூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியர். மூட்டு வலிக்காரர், அதிக நேரம் நிற்க முடியாது. பன்னிரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு.

அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் பெயின்ட் வாளியோடு ஒருவர் ஏறினார்.

"இன்னா சார், ஆளு வருதா?"

பையைப் பார்த்தேன். இதுவும் பிடித்து வைத்துக்கொள்வதுதானே? சட்டென்று எடுத்து மடியில் வைத்தேன். "உட்காருங்க!" என்றதும் மனசு லேசாகிவிட்டது. பாதி ஞானி ஆகிவிட்டதாகவே நினைத்தேன்.

பல்லாவரம் வந்தது. டேவிட் சார் கூட்டத்தில் நீந்தி வந்தார். சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னாச்சு சார்?"

பெயின்ட்காரர் கேட்காமலே உட்கார்ந்துவிட்டார் என்று புளுகலாமா? சத்தியமும் அதே முதல் படியில் கிடக்கிறதே! பிரியா சொன்னது, அபரிக்கிரகம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை லேசாகத் தூக்கிக்கொண்டு, பொறுமையாகக் கேட்டார்.

"யோகா பண்றது நீங்க... நிக்கறது நானா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாளைலேர்ந்து நான் வேற பெட்டியில ஏறிக்கறேன் சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் துறந்தது அவருடைய சீட்டை அல்லவா? என் ஜன்னலோரம் என்னிடமே பத்திரமாக இருந்தது! அடுத்தவர் பங்கைத் தியாகம் செய்வதில் நமக்குத்தான் என்ன ஒரு தாராளம்... வீட்டில் காபியைக் குறைக்கலாம் என்று நான் முடிவெடுத்தபோதும், முதலில் குறைந்தது மனைவியின் டம்ளர்தான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துவிட்டேன்.

"உட்காருங்க டேவிட் சார். தப்பு என்னோடது."

அவர் மறுக்க, நான் இழுக்க, ஒருவழியாக உட்கார்ந்தார். முகம் மட்டும் இளகவில்லை. நான் அவர் முன்னால் கம்பியில் தொங்கிக்கொண்டு அசடு வழிந்தேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பெயின்ட்காரர் வாளியைக் காலால் உள்ளே தள்ளினார்.

"அல்லாரும் கொஞ்சம் நகந்துக்கபா. இன்னொரு ஆளு தாராளமா குந்தலாம். வா சார் நீ!"

தன் இடத்தில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஒண்டினார். நடுவில் நான் என்னைச் செருகிக்கொண்டேன்.

"பாத்து சார், என் மூட்டு மேல உக்காந்துடாதீங்க" என்றார் டேவிட் சார். குரலில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாடா!

எனக்குத்தான் ஆவல் தாங்கவில்லை. பெயின்ட்காரரைக் கேட்டேன்: "அண்ணா, நீங்க யோகா கத்துக்கிட்டிருக்கீங்களா?"

"யோகாவா? அதெல்லாம் நமக்கு வராது சார்... ஒடம்பு வளையாது!"